6.8 என்று ஒரு எண்: பார்டர்லைன் தைராய்டு ரிப்போர்ட்டோடு ஒன்பது மாதங்கள்

இது என் அக்காவின் கதை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். நான் டாக்டர் இல்லை. கூடவே போனவன், ரிப்போர்ட்களைக் கோப்பில் அடுக்கியவன், நடுவில் ஒரு பெரிய தப்பான முடிவுக்குக் கைதட்டியவனும்கூட. தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் என்ற அளவு 5, 6, 7 என்று வந்து ‘மாத்திரை வேண்டுமா, வேண்டாமா’ என்று குழம்பி நிற்பவர்களுக்கு எங்களுக்கு நடந்தது வரிசையாகக் கிடைத்தால் உதவும் என்று தோன்றியது.

பின்னணி

அக்காவுக்கு 41 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஏழெட்டு மாதமாகவே சோர்வு. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கிறது என்பாள். முடி கொட்டுவது கூடியிருந்தது, எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. வயசாகுது, வேலை ஜாஸ்தி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தோம்.

இதற்கு நடுவில் அவளுக்கு நிமோனியா வந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். வீடு திரும்பி மூன்று வாரம் கழித்து, எதற்கும் ஒருமுறை எல்லாம் பார்த்துவிடலாம் என்று அவளே ஒரு லேபில் முழு உடல் பரிசோதனைக்குக் கொடுத்தாள். காலை 7.15-க்கு வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம். இந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் ரிப்போர்ட்

டிஎஸ்ஹெச் 6.8. அந்த லேபின் இயல்பு வரம்பு 0.4 முதல் 4.2 வரை. எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல் நோக்கி ஓர் அம்புக்குறி. அதற்கு அடுத்த வரியிலேயே ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு ஹார்மோனின் அளவு, 1.0 என்று இருந்தது. அதன் வரம்பு 0.8 முதல் 1.8, அதாவது முழுக்க இயல்பு. ஆனால் அம்புக்குறி இல்லாத வரியை யார் பார்க்கிறார்கள்? நாங்கள் பார்க்கவில்லை.

அன்றைக்குத் தெரியாமல் அப்புறம் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஎஸ்ஹெச்சைத் தைராய்டு சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை ‘இன்னும் கொஞ்சம் வேலை செய்’ என்று விரட்டுவதற்காக அனுப்புவது அது. உடலுக்கு உண்மையில் வேண்டிய ஹார்மோன் டி4-உம் அதிலிருந்து வரும் டி3-உம்தான். டி4 துளி குறைந்தாலே பிட்யூட்டரி பலமாகக் குரல் எழுப்பும். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் நூறு மடங்குவரை ஏறலாம், அவ்வளவு கூருணர்வு உள்ள அளவு இது. அந்தக் கணக்கில் 4.2-க்கு பதில் 6.8 என்பது லேசான முணுமுணுப்பு. டிஎஸ்ஹெச் ஏறி, டி4 இயல்பாகவே இருக்கும் இந்த நிலையைத்தான் டாக்டர்கள் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்கிறார்கள், நாம் பார்டர்லைன் என்கிறோம்.

இயல்பு வரம்பு என்பதும் சுவர் இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள் பலரைப் பரிசோதித்து அதில் நடுவில் வரும் 95 சதவீதத்தை வைத்துப் போடுவதுதான் வழக்கம். அப்படியானால் எந்தக் கோளாறும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் வரம்புக்கு வெளியேதான் நிற்பார்கள். வயதானால் டிஎஸ்ஹெச் தானாகவே கொஞ்சம் ஏறும். எண்பது வயதுக்காரருக்கு 6, 7 என்று வருவது பல நேரம் நோயே இல்லை.

முதல் சந்திப்பு

நான்காம் நாள் ஒரு பொது மருத்துவரைப் பார்த்தோம். அவர் சோர்வு இருக்கா என்றார், இருக்கு என்றாள் அக்கா. முடி கொட்டுதா, கொட்டுது. எடை ஏறியிருக்கா, ஏறியிருக்கு. பத்தே நிமிடம். லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 25 மைக்ரோகிராம், தினமும் காலை வெறும் வயிற்றில், ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாங்க என்று எழுதிக் கொடுத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. அவர் முன்னால் இருந்தது ஓர் எண்ணும் மூன்று அறிகுறிகளும் மட்டும்தான். நிமோனியா பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அது நுரையீரல் சமாச்சாரம், இது தைராய்டு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது எங்கள் நினைப்பு. ஆனால் சம்பந்தம் இருக்கிறது. கடும் நோயின்போது டிஎஸ்ஹெச் இறங்கும், உடல் தேறி வரும்போது சில வாரங்களுக்கு வரம்பைத் தாண்டி ஏறவும் செய்யும், பிறகு தானே இறங்கிவிடும். மருத்துவமனையிலிருந்து வந்து மூன்றாவது வாரத்தில் எடுத்த டிஎஸ்ஹெச்சை வைத்து எதையும் முடிவு செய்திருக்கக் கூடாது. இது தெரிந்திருந்தால் அவரே இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒன்பது நாள் மாத்திரை

அக்கா மாத்திரையைத் தொடங்கினாள். ஐந்தாறு நாளில் படபடப்பு என்றாள், ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் செல்போனில் தைராய்டு பற்றிப் படித்துக்கொண்டே இருந்ததால் பயத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். எப்படியோ, ஒன்பதாம் நாளோடு நிறுத்திவிட்டாள். டாக்டருக்குச் சொல்லவில்லை. எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள், அதுவும் வேறு ஏதோ பேச்சில்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. முடி கொட்டுவதற்கென்று ஒரு வைட்டமின் மாத்திரையை வாங்கித் தினமும் சாப்பிடத் தொடங்கினாள். வைட்டமின்தானே, மருந்தா என்ன என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவது ரிப்போர்ட், தப்பான கொண்டாட்டம்

ஆறு வாரம் நெருங்கியபோது, முதல் டெஸ்டிலிருந்து சரியாக நாற்பதாம் நாள், வேலை முடிந்து வரும் வழியில் வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தாள். மாலை நான்கு மணி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். டிஎஸ்ஹெச் 3.1 என்று வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். மாத்திரை இல்லாமலே சரியாயிடுச்சு பார்த்தியா என்றாள் அக்கா. நானும்தான் ஆமாம் போட்டேன்.

ஃப்ரீ டி4 1.9 என்று இருந்தது, வரம்பைவிடத் துளி மேலே. இந்தத் தடவையும் அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதே என்று அந்த ரிப்போர்ட்டை முதல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டவும் இல்லை.

சோர்வு மட்டும் அப்படியே இருந்தது. தைராய்டு சரியாகிவிட்டது என்றால் இது ஏன் போகவில்லை என்ற கேள்விதான் எங்களை நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோனது.

ஒரு தாள்

இந்த முறை போவதற்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினோம். ஒரு பக்கம் தேதி, அதற்கு நேரே என்ன நடந்தது. சோர்வு எப்போது ஆரம்பித்தது, நிமோனியா எப்போது, டெஸ்ட் எந்த லேபில் எத்தனை மணிக்கு, சாப்பிட்டா சாப்பிடாமலா, டிஎஸ்ஹெச் எவ்வளவு, அதற்குப் பக்கத்தில் ஃப்ரீ டி4, மாத்திரை எந்த நாள் தொடங்கி எந்த நாள் நின்றது, வேறு என்னென்ன சாப்பிடுகிறாள். நிறுத்தியது ஒன்பதே நாளில் என்ற சரியான கணக்கு வெளியே வந்தது இந்தத் தாளை எழுதும்போதுதான். ‘எப்ப நிறுத்துன’ என்ற கட்டத்தில் எழுத வேண்டுமே, தப்பிக்க முடியவில்லை.

தாளின் கீழே மூன்று கேள்விகள் எழுதினோம். இந்த இரண்டு எண்ணில் எதை நம்புவது? இப்போது மாத்திரை எடுக்காமல் காத்திருந்தால் என்ன ஆபத்து? சோர்வுக்கு தைராய்டைத் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்? பத்து கேள்வி எழுதி ஏழை அடித்தோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மூன்றுக்கு மேல் கேட்க வாய் வராது, அது அனுபவம்.

நிபுணர் கண்டது

அவர் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். டிஎஸ்ஹெச் இறங்கியதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டி4 1.0-லிருந்து 1.9-க்கு எப்படிப் போச்சு என்றுதான் கேட்டார். அந்த ஒன்பது நாள் தைராய்டு மாத்திரையாக இருக்குமோ என்றேன். இல்லை என்றார். டி4 உடலில் பாதியாகக் குறைய சுமார் ஒரு வாரம் ஆகும், நிறுத்தி நான்கு வாரம் ஆகிவிட்ட நிலையில் அந்தச் சின்ன அளவில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது என்று விளக்கினார். அப்புறம் தாளின் கடைசி வரியில் விரலை வைத்து, இந்த முடி மாத்திரையில என்ன இருக்கு என்றார்.

பயோட்டின் என்ற வைட்டமின், 10 மில்லிகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லப்படும் அளவு சுமார் 30 மைக்ரோகிராம்தான். முந்நூறு மடங்குக்கும் மேல்! பயோட்டின் உடலைக் கெடுத்தது என்பதல்ல பிரச்சினை, ரத்தத்தை அளக்கும் முறையைக் குழப்புவதுதான் பிரச்சினை. பல லேப் இயந்திரங்கள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்துத்தான் ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால் அந்த வகை இயந்திரத்தில் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். எங்கள் ரிப்போர்ட்டில் இருந்ததும் அதே கோலம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. மாத்திரை டப்பாவில் அப்படி ஒரு வரிகூட இல்லை, நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நேரமும் விளையாடியிருந்தது. டிஎஸ்ஹெச் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும், சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் குறையும். முதல் ரத்தம் காலை 7.15 வெறும் வயிறு, இரண்டாவது மாலை நான்கு மணி சாப்பிட்ட பிறகு, லேபும் வேறு. ஆக முதல் எண்ணை நிமோனியா தூக்கியிருக்கும், இரண்டாவதை நேரமும் பயோட்டினும் சேர்ந்து அமுக்கியிருக்கும். நாங்கள் முதலாவதைப் பார்த்து அழுதோம், இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தோம், இரண்டும் நம்பத் தகுந்ததாக இல்லை.

எடுத்த முடிவு

உடனே இன்னொரு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம், முதல் டெஸ்டிலிருந்து மூன்று மாதம் ஆகட்டும் என்றார். முதலில் எடுத்த அதே லேபில், அதே காலை நேரம், வெறும் வயிறு. பயோட்டினை அன்றே நிறுத்தச் சொன்னார். இரண்டு மூன்று நாள் இடைவெளி பலருக்குப் போதும், இது பெரிய டோஸ் என்பதால் நன்றாகவே விட்டுவிடுவோம் என்றார். கூடவே டிபிஓ ஆன்டிபாடி (எதிர்ப்பாற்றல் தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), ஹீமோகுளோபின், பி12 எழுதிக் கொடுத்தார். மாதவிடாய் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். அதிகமாகப் போகிறது, இரண்டு வருடமாகவே அப்படித்தான் என்றாள் அக்கா. எனக்கு அது செய்தி. வேறு என்னென்ன மருந்து எடுக்கிறாள் என்று தனியாகக் கேட்டார், லித்தியம், அமியோடரோன் மாதிரி சில மருந்துகள் தைராய்டையே பாதிக்குமாம். அப்படி எதுவும் இல்லை.

மூன்றாவது ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் 5.3, ஃப்ரீ டி4 1.1. டிபிஓ ஆன்டிபாடி பாசிட்டிவ், வரம்பைவிடப் பல மடங்கு. பி12 சரி. ஹீமோகுளோபின் 12.2, அதுவும் சரி. ஃபெரிட்டின் மட்டும் 9, அதாவது உடலில் இரும்புச் சேமிப்பு கிட்டத்தட்டக் காலி. ரத்தசோகை என்ற அளவுக்குப் போகாமலேயே இரும்பு தீர்ந்துபோகும், அதுவே ஆளைச் சோர்ந்துபோகச் செய்யும், முடியையும் கொட்டச் செய்யும். ஹீமோகுளோபின் நார்மல் என்று சொல்லி நாங்கள் எத்தனையோ முறை அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கிறோம்.

ஆக 6.8 முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. லேசான ஏற்றம் நிஜமாகவே இருக்கிறது. ஆன்டிபாடி இருப்பதால் காரணமும் தெரிகிறது: உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டை மெதுவாகத் தாக்குகிறது. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த அதே வகை நோய். இது எவ்வளவு வேகமாகப் போகும் என்று அக்கா கேட்டாள். இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் இருபது வருடம் மக்களைத் தொடர்ந்து பார்த்து 1995-ல் வெளியிட்ட ஆய்வை டாக்டர் சொன்னார். டிஎஸ்ஹெச் ஏற்றமும் ஆன்டிபாடியும் இரண்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேருக்குத்தான் முழுமையான குறைபாடு வந்தது. நூறு பேரில் சுமார் நான்கு பேர். அக்கா முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம்.

அப்புறம் மாத்திரை பற்றிய பேச்சு. டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. 2019-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், இந்த மாதிரி லேசான ஏற்றத்துக்குப் பெரும்பாலான பெரியவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை வேண்டாம் என்கிறது. கருத்தரிக்க முயலும் பெண்கள், டிஎஸ்ஹெச் 20-ஐத் தாண்டியவர்கள், அறிகுறி மிகக் கடுமையாக இருப்பவர்கள், முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு அது பொருந்தாமல் போகலாம் என்ற விலக்கோடு. அதே ஆண்டில் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் தரும் நைஸ் அமைப்போ, 65 வயதுக்குக் கீழே, மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை ஏற்றம் உறுதியாகி, அறிகுறியும் இருந்தால் ஆறு மாதம் மாத்திரையைச் சோதித்துப் பார்ப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. டிஎஸ்ஹெச் 10-ஐத் தொட்டுத் தாண்டினால் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரைப் பக்கம் சாய்வார்கள், குழப்பம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். 65 வயதைக் கடந்த 737 பேரை வைத்து நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சோர்வில் வித்தியாசமே தெரியவில்லை. அக்காவுக்கு 41 என்பதால் அதை அப்படியே அவள்மேல் வைக்க முடியாது என்றும் அவரே சொன்னார்.

இரண்டு வழிகளை முன்னால் வைத்தார். ஒன்று, இப்போதே சின்ன டோஸ் மாத்திரை, ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்துவது. இன்னொன்று, முதலில் இரும்பைச் சரிசெய்து தைராய்டை ஆறு மாதம் கழித்துப் பார்ப்பது. ரெண்டையும் சேர்த்து ஆரம்பிச்சா என்ன டாக்டர் என்றாள் அக்கா. “ஆரம்பிக்கலாம். சோர்வு போச்சுன்னா எதனால போச்சுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரியாமலே வருஷக்கணக்கா ஒரு மாத்திரையைச் சாப்பிட்டுட்டு இருப்பீங்க” என்றார். தைராய்டு மாத்திரை தேவைக்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் உண்டு, அதனால் ‘போட்டு வைப்போமே’ என்று போடுகிற மாத்திரை இது இல்லை என்பது அவர் கருத்து. குழந்தைக்கு முயற்சி செய்யும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு, அதற்கு முன்பே வந்து சொல்ல வேண்டும் என்றார். அந்த எண்ணம் இல்லை என்றாள். இரண்டாவது வழியை எடுத்தோம்.

அதற்குப் பிறகு

இரும்பு மாத்திரை தொடங்கினாள். அதிக ரத்தப்போக்குக்குத் தனியாக மகப்பேறு மருத்துவரைப் பார்த்தாள், அதற்கும் சிகிச்சை நடந்தது. முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை, மலச்சிக்கல்தான் மிச்சம் என்று என்னைத் திட்டினாள். மூன்றாவது மாதம் மாலையில் வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் விழாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை, எங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

ஆறாம் மாத டெஸ்ட், அதே லேப், காலை ஏழரை: டிஎஸ்ஹெச் 4.9, ஃப்ரீ டி4 1.1, ஃபெரிட்டின் 38. இன்னும் வரம்புக்குத் துளி மேலேதான். இரும்பால்தான் டிஎஸ்ஹெச் இறங்கியது என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி வேலை செய்யவே இரும்பு வேண்டும் என்பது உண்மை, ஆனால் 5.3-க்கும் 4.9-க்கும் உள்ள இடைவெளி வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதற்குக் கதை கட்ட வேண்டாம் என்று சிரித்தார். இனி வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கழுத்தில் வீக்கம், தாங்க முடியாத குளிர், குரல் கரகரப்பு, சோர்வு மறுபடி கூடுவது என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும்.

சோர்வு முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. முக்கால்வாசி போயிருக்கிறது என்கிறாள். எடை அந்த மூன்று கிலோ அப்படியே இருக்கிறது.

மறுபடி நடந்தால் என்ன மாற்றுவோம்

முதல் சந்திப்பிலேயே நிமோனியாவைச் சொல்லியிருப்போம். இது ஒன்று போதும், பாதிக் குழப்பம் வந்தே இருக்காது. கடந்த மூன்று மாதத்தில் உடம்புக்கு வந்தது எதுவானாலும், சம்பந்தம் இருக்கா இல்லையா என்று நாம் வடிகட்டாமல் சொல்லிவிட வேண்டும், வடிகட்டுவது அவர் வேலை. வைட்டமின், மூலிகைப் பொடி, புரதப் பொடி எல்லாம் இதில் சேர்த்திதான்.

டி4 வரியையும் படித்திருப்போம். எண் வந்த அன்றே “இதை உறுதிப்படுத்த இன்னொரு முறை பார்க்க வேண்டுமா, எப்போது” என்று கேட்டிருப்போம். இந்தக் கேள்வியை நான் அந்த முதல் டாக்டரிடம் கேட்டிருந்தால் அவர் கோபித்திருக்க மாட்டார். கேட்டால் அவர்மேல் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடுமோ என்ற கூச்சம், அவ்வளவுதான். ஃபெரிட்டினையும் அப்போதே பார்த்திருக்கலாம், மூன்று மாதச் சோர்வைத் தவிர்த்திருக்கலாம்.

மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தியது பற்றி எனக்கும் அக்காவுக்கும் இன்னும் வாக்குவாதம்தான். எனக்கு ஒத்துக்கல, நிறுத்தினேன், அது என் உரிமை என்கிறாள். நிறுத்தியது சரி, ஒரு போன் பண்ணியிருக்கலாம் என்கிறேன் நான். போன மாதம் வேறு ஒரு தொந்தரவுக்காக அந்தப் பொது மருத்துவரிடமே மறுபடி போனாள். அவருடைய பதிவில் அக்கா இன்னும் லெவோதைராக்சின் 25 சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். தாளை நீட்டினாள். அவர் முழுக்கப் படித்தார், நிமோனியா வரியில் நின்று, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா என்றார். அப்புறம், நானும் கேட்டிருக்கணும் என்று சொல்லிவிட்டு அந்த மாத்திரையைப் பதிவிலிருந்து அடித்தார்.